நாற்றின் தாய் எது? தென்சென்னையில் தாவரத்தொகை மரபியல் வளர்ந்த வரலாறு

தாம்பரத்துக்குக் கிழக்கே ஓர் ஏரிக்கரையில், சில ஆண்டுகளுக்கு முன், மழை தொடங்கும் வாரத்தில் மரக்கன்று நடும் விழா நடந்தது. பாலிதீன் பைகளில் வரிசையாக நாட்டு மரக் கன்றுகள். எல்லாம் ஒரே உயரம். இந்தக் கன்றுகளின் விதை எங்கே எடுத்தது என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். நர்சரியில் வாங்கினோம் என்றார். நர்சரிக்காரரைக் கேட்டபோது, சாலையோரம் நிற்கும் ஒரு பெரிய மரத்தைக் கைகாட்டினார். அந்த ஒரே மரத்தின் அடியில் கூட்டி அள்ளிய விதைகள்தாம் அத்தனையும். ஏரிக்கரையில் நட்ட நூற்றுக்கணக்கான கன்றுகளும் ஒரு தாயின் பிள்ளைகள். நாற்பது ஆண்டு கழித்து அவை பூக்கும்போது மணம் முடிப்பது உடன்பிறந்தாருக்குள்ளேயேதான்.

மரத்தை எண்ணுகிறோம், தாயை எண்ணுவதில்லை. இந்தக் குறையை அளந்து சொல்லும் அறிவியலே தாவரத்தொகை மரபியல். ஓர் இடத்தில் தங்களுக்குள் மகரந்தம் மாற்றிக்கொண்டு வாழும் ஓரினத் தாவரங்களின் கூட்டத்தைத் ‘தொகை’ என்கிறோம். அந்தத் தொகைக்குள் மரபணுக்கள் எத்தனை வடிவங்களில் இருக்கின்றன, பக்கத்துத் தொகையோடு எவ்வளவு கலக்கின்றன, தலைமுறைக்குத் தலைமுறை எவ்வளவு தொலைகின்றன என்று கணக்கிடுவது இத்துறையின் வேலை. இந்த அறிவு சென்னைக்கு வெளியிலிருந்து வந்து இறங்கிய சரக்கு அன்று. எழும்பூர், தாம்பரம், மதுரவாயல், தரமணி, காட்டாங்குளத்தூர் என்று இந்த நகரத்துக்குள்ளும் அதன் தென்புறத்திலும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகப் படிப்படியாக வளர்ந்தது. அந்தப் படிகளைத் தேடுவதே இக்கட்டுரை.

பெயர் எழுதிய காலம்

எந்தப் பாதுகாப்பும் பட்டியலில்தான் தொடங்கும். சென்னை மாகாணத்தின் தாவரங்களைத் தொகுத்து ஜே. எஸ். கேம்பிள் தொடங்கிய நூல் 1915இல் வெளிவரத் தொடங்கியது. அவருக்குப் பின் சி. இ. சி. ஃபிஷர் அதைத் தொடர்ந்து 1936இல் முடித்தார். இதற்கிடையே 1929இல், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் பி. வி. மயூரநாதன் சென்னை நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் பூக்கும் தாவரங்களைத் தனியே பட்டியலிட்டார். ஒரு நகரத்துக்கென்று இப்படிப் பட்டியல் கிடைப்பது இந்தியாவில் எளிய காரியமாக இருந்ததில்லை.

1937இல் சென்னை கிறித்தவக் கல்லூரி, ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டுப் பகுதியில் சுமார் 365 ஏக்கரில் குடியேறியது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அந்த வளாகத்தின் மரஞ்செடிகளில் மனம் தோய்ந்தவர். மயூரநாதனின் பட்டியலுக்கு 1938இல் பிற்சேர்க்கை எழுதினார். விடுமுறை கிடைத்தால் நீலகிரிக்குப் போய்ச் செடி சேகரிப்பார். அங்கே அரிதாகக் காணப்படும் ‘செரோபீஜியா பார்னெசி’ என்னும் கொடி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அழியும் நிலையிலுள்ள இனங்களின் வரிசையில் அது இருப்பது இன்னொரு செய்தி. 1994இல் சி. லிவிங்ஸ்டனும் ஏ. என். ஹென்றியும் சென்னைத் தாவரங்களை மறுபடி தொகுத்து வெளியிட்டார்கள். மூன்று பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு அறுபத்தைந்து ஆண்டில் நகரம் தின்ற நிலம் தெரியும்.

பட்டியல் ஓரினம் இருக்கிறது என்று சொல்லும். எத்தனை தாய்கள் எஞ்சியிருக்கின்றன என்று சொல்லாது. ஆனால் அந்தக் காலத்தவர் செய்த ஒரு வேலை இன்றைய மரபியலுக்கு நேரே உதவுகிறது: உலர்த்தித் தாளில் ஒட்டி, இடமும் நாளும் எழுதிவைத்த செடிகள். உலர்ந்த இலையிலிருந்தும் டிஎன்ஏ எடுக்கலாம். வீட்டுமனையாகிப்போன ஒரு மேட்டில் 1930களில் பறித்த ஒரு கிளை, அந்த இடத்தில் அன்று நின்ற மரபணுவின் கடைசிச் சாட்சியாக இருக்கக்கூடும்.

குரோமோசோம் எண்ணிய காலம்

அடுத்த படி நுண்ணோக்கியின் அடியில் நடந்தது. தலச்சேரியில் 1897இல் பிறந்து, சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பாடம் சொன்னவர் இ. கே. ஜானகி அம்மாள். மிச்சிகனில் ஆய்வுப் பட்டம் பெற்று, கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்தார். இங்கிலாந்தில் சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் நிரல்நூலை வெளியிட்டார். 1951இல் இந்தியா திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1970இல் சென்னையில் தங்கி, மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயர்ஆய்வு மையத்தின் கள ஆய்வுக்கூடத்தில் கடைசிவரை உழைத்தார். 1984 பிப்ரவரி 7 அன்று அங்கேயே மறைந்தார்.

அவரைக் கரும்பின் பெயரால் மட்டும் நினைப்பது குறை. ஓரினம் என்று நாம் ஒரே பெயரில் அழைக்கும் செடிகளுக்குள்ளேயே ஒரு மலையில் ஓர் எண்ணிக்கையிலும் மற்றொரு மலையில் அதன் இரட்டிப்பிலும் குரோமோசோம் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. கலந்து நட்டால் விதை பிடிக்காமல் போகலாம், அல்லது மலட்டுப் பிள்ளை பிறக்கலாம். ஆகவே ‘இந்த இனம்’ என்று கேட்டால் போதாது, ‘எந்த இடத்து இந்த இனம்’ என்றும் கேட்க வேண்டும் என்பதை இந்த எண்ணும் வேலை கற்பித்தது. முதுமையில் அவர் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்கும் இயக்கத்தில் நின்றார். மரபியல் படித்த ஒருவர் காட்டைக் காக்க எழுந்து வந்ததைத் தற்செயல் என்று நான் எண்ணவில்லை. ஒரு காட்டை அழிக்கும்போது எது திரும்பி வராது என்பதைக் குரோமோசோம் பார்த்த கண் மற்றவர்க்கு முன்பே அறிந்திருந்தது.

தில்லை மரத்தில் ஒரு கணக்கு

இதே காலத்தில் உலகின் வேறிடங்களில் கணக்கு முதிர்ந்துகொண்டிருந்தது. ஸ்யூவல் ரைட் போன்றோர் வகுத்த சூத்திரங்கள் 1930களிலிருந்தே இருந்தன. அவற்றில் இட்டுப் பார்க்க உயிருள்ள எண்கள் இல்லை. 1966இல் லெவொன்டினும் ஹப்பியும் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டு, ஒரு தொகைக்குள் மறைந்திருக்கும் வேறுபாட்டை அளந்தார்கள். பயிர் மரபுவளங்களைக் காப்பதற்காக ஆஸ்திரேலியாவின் ஓட்டோ ஃபிராங்கெல் குரல் கொடுத்தார். 1980இல் இயன் ஃபிராங்க்ளின் இரண்டு எண்களை முன்வைத்தார்: உறவுக் கலப்பின் உடனடிக் கேட்டைத் தவிர்க்கக் குறைந்தது 50, நெடுங்காலத்துக்குத் தாக்குப்பிடிக்க 500. அந்த எண்கள் சரியா, போதுமா என்று இன்றும் வாதம் உண்டு. ஆனால் அவை மரங்களின் எண்ணிக்கை அல்ல, ‘பயனுறு தொகை’. அதாவது அடுத்த தலைமுறைக்கு மரபணு கொடுப்பதில் உண்மையாகப் பங்கெடுக்கும் தொகை.

இந்த வேறுபாட்டைச் சிதம்பரத்தின் தல மரமான தில்லையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பிச்சாவரம் சதுப்பில் நிற்கும் தில்லையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஓர் உப்பங்கழி ஓரத்தில் 100 தில்லை நிற்பதாக வைத்துக்கொள்வோம். சரிபாதி ஆணும் பெண்ணுமானால் பயனுறு தொகை 100. பெண் 90, ஆண் 10 என்றிருந்தால்? நான்கை 90ஆலும் 10ஆலும் பெருக்கி, 100ஆல் வகுத்தால் 36. கண்ணுக்கு நூறு மரம், மரபியலுக்கு முப்பத்தாறு. அதிலும் கொஞ்சம் வெட்டுப்பட்டு, பத்து மரத்தின் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறை வருமானால், ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுப் பன்மையில் இருபதில் ஒரு பங்கு போகும். பத்துத் தலைமுறையில் மிஞ்சுவது ஏறக்குறைய அறுபது விழுக்காடு. மரம் பச்சையாகத்தான் இருக்கும். ஒரு புதிய நோயோ உப்பின் ஏற்றமோ வரும்போதுதான் போனது தெரியும்.

தரமணி

1988இல் தொடங்கிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தரமணியில் அமைந்தது. சுவாமிநாதனும் அடிப்படையில் குரோமோசோம் படித்தவர். உருளைக்கிழங்கின் மரபியலில் பட்டம் பெற்றவர். கடல் ஏறிவரும் காலம் வருகிறது, உப்பைத் தாங்கும் மரபணு அலையாத்திக் காடுகளில் இருக்கிறது, அதைக் காக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1990இல் அமைந்த பன்னாட்டு அலையாத்திச் சூழல் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. தரமணி நிறுவனத்தில் அஜய் பரிடாவும் அவரோடு பணியாற்றியவர்களும் 1990களில் செய்த வேலைதான் தமிழகத்தில் தாவரத்தொகை மரபியலின் திருப்பம் என்பது என் கணிப்பு.

அந்த வேலை எவ்வளவு சிரமமானது என்று சொல்ல வேண்டும். அலையாத்தி இலை நெல்லிலை போன்றதன்று. தடித்தது, உப்பு நிறைந்தது, துவர்ப்புப் பொருள் மிகுந்தது. இலையை உரலில் போட்டுத் திரவ நைட்ரஜன் ஊற்றினால் புகை கிளம்பி, பச்சைக் கண்ணாடி போல் நொறுங்கும். உடனே மாவாக அரைக்க வேண்டும். தாமதித்தால் துவர்ப்பொருள் காற்றுப்பட்டுப் பழுப்பேறி டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும். பிறகு அது எதற்கும் உதவாது. மாவைச் சவர்க்காரத் தன்மையுள்ள கரைசலில் இட்டு 65 பாகை வெப்பத்தில் வைத்து, குளோரோஃபாம் சேர்த்துச் சுழற்றினால் மேலே தெளிந்த அடுக்கு நிற்கும். அதில் ஆல்கஹாலை மெல்ல விட்டால் நூலாம்படை போல வெள்ளை இழை திரண்டு வரும். எல்லாம் சரியாக நடந்தால் வெள்ளை. பல நாள் அது காப்பிக் கறையோடுதான் வரும்.

1990இல் உலகுக்கு வந்த ‘ராப்டு’ என்னும் முறை இவர்களுக்குக் கைகொடுத்தது. பத்து எழுத்துள்ள சிறு டிஎன்ஏ துண்டை விதையாகப் போட்டு, தாவரத்தின் டிஎன்ஏவில் அது ஒட்டும் இடங்களையெல்லாம் பெருக்குவது. ஜெல்லில் ஓடவிட்டால் மரத்துக்கு மரம் கோடுகள் மாறும். அந்த இனத்தைப் பற்றி முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம் என்பது இதன் பெரிய வசதி. காட்டு மரத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? குறையும் உண்டு. இன்று வந்த கோடு நாளை வேறு ஆய்வுக்கூடத்தில் வராமல் போகலாம். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து வேறொன்றும் பெற்ற மரத்தைப் பிரித்துக் காட்டாது. அதனால் தரமணியில் ‘ஆர்எஃப்எல்பி’ என்ற பழைய, உழைப்பு மிகுந்த முறையையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டார்கள். அந்த ஒழுங்கை மெச்ச வேண்டும்.

1997இலிருந்து ஒரே தலைப்பின்கீழ் வரிசை எண்ணிட்ட கட்டுரைகள் வெளிவந்தன: கழுதைமுள்ளி, வெண்கண்டலை உள்ளடக்கிய அவிசென்னியாப் பேரினம், சுரபுன்னை, தில்லை. ஓரினத்தின் வெவ்வேறு கரைத் தொகைகளுக்குள்ளும் இடையிலும் எவ்வளவு வேறுபாடு என்று இந்தியக் கடற்கரையில் முதன்முறையாகப் பல இனங்களுக்கு அளவு கிடைத்தது.

இவற்றுள் சுரபுன்னைக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பிச்சாவரத்தில் இரண்டு சுரபுன்னை இனங்கள் உண்டு: ரைசோஃபோரா அப்பிகுலேட்டா, ரைசோஃபோரா முக்ரொனேட்டா. இவை இரண்டிலும் சேராத சில மரங்கள் அங்கே நின்றன. ‘லமார்க்கி’ என்னும் கலப்பினம் என்று முதலில் சொன்னார்கள். அந்தக் கலப்பினத்துக்கு ஒரு பெற்றோர் ரைசோஃபோரா ஸ்டைலோசா. அது பிச்சாவரத்தில் இல்லை. இல்லாத தந்தைக்கு எப்படிப் பிள்ளை? பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் கே. கதிரேசன் 1995இல் அந்த மரத்துக்கு ‘அண்ணாமலையானா’ என்று பெயர் சூட்டினார். 1997இல் தரமணியிலிருந்து எம். பாரணியும் மற்றவர்களும் டிஎன்ஏ சான்றோடு எழுதினார்கள்: அந்த மரம் கலப்பினமே, பெற்றோர் இருவரும் பிச்சாவரத்திலேயே நிற்கும் அப்பிகுலேட்டாவும் முக்ரொனேட்டாவும். வழக்கு முடிந்தது.

இதில் பாதுகாப்புக்கு என்ன பயன் என்று கேட்கலாம். அந்தச் சில மரங்களைத் தனியினம் என்று எண்ணியிருந்தால் அவற்றைப் பெருக்க ஒரு வழி தேடியிருப்போம். கலப்பினம் என்று தெரிந்தபின் காக்க வேண்டியது மாறுகிறது: இரண்டு பெற்றோரும் அக்கம்பக்கத்தில் பூக்கும் அந்த இடத்தையே காக்க வேண்டும். கலப்பு மரம் விதை வைப்பது அரிது. நாற்றுக்கு அதை நம்பக் கூடாது. ஒரு ஜெல்லில் விழுந்த கோடுகள் வனக்காவலரின் வேலையை மாற்றும் இடம் இது.

நெல்லியும் சந்தனமும்

தமிழ்நாட்டுக்கு வெளியே பெங்களூரில் ஆர். உமா சங்கரும் கே. என். கணேசையாவும் இன்னொரு திசையில் யோசித்தார்கள். 1997இல் நெல்லியின் மரபணுப் பன்மையை இடவாரியாக வரைந்து, ‘வன மரபணு வங்கி’ என்னும் கருத்தைச் சொன்னார்கள். விதையைக் குளிர்பெட்டியில் பூட்டிவைப்பதற்குப் பதில், பன்மை மிகுந்த ஒரு காட்டைத் தேர்ந்து, மற்ற தொகைகளின் விதைகளையும் அங்கே சேர்த்து வளரவிட்டு, மரபணுக்கள் தாமே கலந்து புதுப்பித்துக்கொள்ளச் செய்வது. குளிர்பெட்டியில் பரிணாமம் நின்றுபோகும், காட்டில் நடக்கும். பிறகு 2007இல் நாகேஸ்வர ராவுடன் சேர்ந்து சந்தனத்தையும் வரைந்தார்கள். தக்காணப் பகுதியின் தொகைகளில் பன்மை மிகுதி என்று கண்டார்கள். காவலுக்கு ஆள் குறைவாக இருக்கும் நாட்டில் எந்தக் காட்டுக்கு முதலில் காவல் போடுவது என்ற கேள்விக்கு இப்படி ஒரு வரைபடம் பதிலாகிறது.

காட்டாங்குளத்தூர்

சுரபுன்னையின் பெற்றோரைக் கண்டறிந்த பாரணி பின்னாளில் காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம் பல்கலைக்கழகத்தின் மரபணுப் பொறியியல் துறையில், மருந்துச் செடிகளுக்கு டிஎன்ஏ அடையாளக் குறி வகுக்கும் ஆய்வுகளை நடத்தினார். கடையில் காய்ந்த வேராகவும் பொடியாகவும் விற்கும் சரக்கு உண்மையில் எந்தச் செடி என்று கண்டறிவது இது. ஆயுர்வேதத்தில் ‘பலா’ எனப்படும் சைடா கார்டிஃபோலியா என்ற பெயரில் சந்தைக்கு வரும் மாதிரிகளைச் சோதித்து 2015இல் வந்த ஆய்வு, பெயர் ஒன்றும் சரக்கு வேறொன்றுமாக இருப்பதைக் காட்டியது. இதை வாங்குபவர் ஏமாறும் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறோம். காட்டின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். ஒரு பெயரில் நான்கு இனத்தைப் பிடுங்கினால், எந்த இனம் எவ்வளவு குறைகிறது என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. இனம் தெரியாமல் தொகை தெரியாது.

தீவுகளான புதர்க்காடு

இனி தாம்பரத்துக்குத் திரும்புவோம். கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர். நன்மங்கலம் காப்புக்காடு, வண்டலூர்க் காடு, கிறித்தவக் கல்லூரி வளாகம், ஐஐடி வளாகம். சோழமண்டலக் கரையின் வறண்ட பசுமைமாறாப் புதர்க்காட்டின் மிச்சங்கள் இவை. இடையில் ஜிஎஸ்டி சாலை, ரயில் பாதை, அடுக்குமாடிகள். பாலையும் வீரையும் காசானும் இந்தத் தீவுகளில் நிற்கின்றன. பறவையும் வௌவாலும் தேனீயும் கடந்தால்தான் ஒரு தீவின் மரபணு இன்னொன்றுக்குப் போகும்.

இதில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. முதிர்ந்த பாலை மரத்தின் டிஎன்ஏவை அளந்தால் பன்மை நன்றாகத்தான் தெரியும். ஏனென்றால் அது சாலையும் வீடும் வருமுன் கருக்கொண்ட மரம். பழைய, தொடர்ந்த காட்டின் நினைவை அது சுமக்கிறது. அதனடியில் முளைத்த கன்றுதான் இன்றைய உண்மையைச் சொல்லும். தாய் மரங்களையும் முளைக்கன்றுகளையும் தனித்தனியே அளந்து ஒப்பிட வேண்டும். கன்றுகளில் பன்மை சரிந்திருந்தால், ஒரு தீவின் விதையை மற்றொன்றில் நடுவது அவசியம். சரியவில்லை என்றால், பறவைகள் நம் வேலையைச் செய்கின்றன; கையை வைக்காமல் இருப்பதே நல்லது. இந்த இரண்டில் எது என்று அளக்காமல் நடுவது, நோய் பார்க்காமல் மருந்து கொடுப்பது. அளக்கும் ஆய்வுக்கூடங்களோ தரமணியிலும் காட்டாங்குளத்தூரிலும், இந்தக் காடுகளிலிருந்து சிறிது நேரப் பயணத்தில் இருக்கின்றன.

நடும் வேகம் இப்போது பெருகியிருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் வனம், மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காட்டுக்கு உயர்த்த முனைகிறது. 2023-24 ஒன்றிய பட்ஜெட்டில் அறிவித்த ‘மிஷ்டி’ திட்டம் சுமார் 540 சதுர கிலோமீட்டர் அலையாத்தியை நோக்கமாகக் கொண்டது. இரண்டும் வேண்டியவை; இரண்டையும் மனமார வரவேற்கிறேன். ஆனால் இலக்கு பரப்பளவில் இருக்கிறது. 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஏற்ற பல்லுயிர்ச் சட்டகம், இனங்களுக்குள் இருக்கும் மரபணுப் பன்மையைக் காப்பதையும் நோக்கமாக வைத்திருக்கிறது. பயனுறு தொகை 500ஐ எட்டும் தொகைகள் எத்தனை என்பது அதன் அளவுகோல்களில் ஒன்று. பரப்போடு இந்த எண்ணையும் நம் கணக்கேட்டில் சேர்க்க வேண்டும்.

அதற்கு முன், டிஎன்ஏ இல்லாமலே இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மார்ஷலும் பிரௌனும் 1975இல் காட்டிய கணக்குப்படி, ஒரு தொகையில் 50 முதல் 100 செடிகளிலிருந்து விதை எடுத்தால் அங்கே பரவலாக உள்ள மரபணு வடிவங்கள் அநேகமாக எல்லாம் வந்துவிடும். நர்சரி நடத்துவோருக்கும், வனத்துறைக்கும், ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் கன்று நடும் இளைஞர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஒரே மரத்தடியில் கூட்டி அள்ளாதீர்கள். தள்ளித்தள்ளி நிற்கும் ஐம்பது தாய்களிடம் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். எடுத்த ஊர், எடுத்த நாள், தாய்மரங்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, கன்றோடு சேர்த்துக் கொடுங்கள்.